மே மாதத்தில் போகாதீர்கள்: கொங்கு நாட்டிலிருந்து ஒயின் தோட்டங்களுக்கு ஒரு பயண வழிகாட்டி

கோயமுத்தூர், ஈரோடு, சேலம் பக்கமிருந்து ஒயின் தோட்டம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பள்ளி விடுமுறையைக் கணக்கில் வைத்து மே மாதத்தில் கிளம்புகிறார்கள். அந்த மாதத்தில் கொடியில் பழம் இருக்காது. அடிக் கவாத்து, அதாவது கொடியை ஒட்ட வெட்டுவது, முடிந்து, இளந்தளிர் மட்டும் எட்டிப் பார்க்கும். ஆலைக்குள் அரவை நின்றிருக்கும். மிச்சம் இருப்பது குளிரூட்டிய அறையில் நான்கைந்து கிளாஸ் மட்டுமே. அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஒயின் திராட்சைக்கு ஆண்டுக்கு இரண்டு கவாத்து, ஒரு மகசூல். ஏப்ரல், மே மாதங்களில் கொடியை ஒட்ட வெட்டி விடுவார்கள். மழைக்காலம் முழுவதும் வாது, அதாவது கிளை, வளர்ந்து முற்றும். செப்டம்பர், அக்டோபரில் காய்க்கான கவாத்து. அதிலிருந்து நான்கு, நாலரை மாதத்தில் பழம் தயார். ஆக, நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்தில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இழுக்கும். வெள்ளை ஒயினுக்கான ரகங்கள் முதலில் பழுக்கும், சிவப்பு ரகங்கள் பின்னால். பிப்ரவரி இரண்டாம், மூன்றாம் வாரத்தில் போனால் இரண்டையும் பார்க்கலாம். பொங்கல் விடுமுறையில்தான் முடியும் என்றால் நாசிக்கைத் தேர்ந்தெடுங்கள், நந்தியை விட்டுவிடுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை நாசிக் பசுமையாக, அழகாக இருக்கும். கூட்டமும் குறைவு. ஆனால் கொடியில் இலை மட்டும்தான். இயற்கை பார்க்கப் போகிறவர்கள் போகலாம்.

கிளம்பும் முன் ஒரு வேலை

தொண்டாமுத்தூர், தீத்திபாளையம் பக்கமோ, கொஞ்சம் தள்ளிக் கம்பம் பள்ளத்தாக்கிலோ ஒரு பன்னீர் திராட்சைப் பந்தலை நிதானமாகப் பார்த்துவிட்டுப் போங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகம் அந்த ரகத்தை மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது. நம் ஊரில் தலைக்கு மேல் கம்பிப் பந்தல், கீழே நிழல், கொத்துகள் தொங்கும். ஒயின் தோட்டத்தில் பந்தல் கிடையாது. வேலி போல வரிசையாகக் கம்பி கட்டி, கொடியை நேராக மேலே ஏற்றியிருப்பார்கள். பழம் முழங்கால், இடுப்பு உயரத்தில் காய்க்கும். காற்றும் வெயிலும் கொத்துக்குள் போக வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு.

பழமும் வேறு. சின்னது, தோல் தடித்தது, விதை உண்டு, சதை கொஞ்சம். சாப்பிட வாங்கும் திராட்சையில் இவையெல்லாம் குறைகள். ஒயினுக்கு இவைதான் வேண்டும், ஏனென்றால் நிறமும் துவர்ப்பும் மணமும் பெரும்பாலும் தோலில் இருக்கின்றன. நல்ல தரத்துக்கு உழைக்கும் தோட்டக்காரர் வேண்டுமென்றே மகசூலைக் குறைப்பார், பச்சைக் கொத்துகளைப் பறித்துக் கீழே போடுவார். ஏக்கருக்கு இத்தனை டன் என்று பெருமையாகச் சொல்லும் நம் ஊர் விவசாயிக்கு இது முதலில் மனதுக்கு ஒப்பாது. ஆனால் கொடியில் கொத்து குறைந்தால் மீதிப் பழத்தில் சர்க்கரையும் மணமும் கூடும்.

கொங்கு நாட்டில் ஏன் ஒயின் தோட்டம் இல்லை என்ற கேள்விக்கும் விடை அங்கே கிடைக்கும். ஒயினுக்குப் பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்து வேண்டும். இரவு சூடாக இருந்தால் பழத்தின் புளிப்பு எரிந்து போய்விடும், ஒயின் சப்பென்று இருக்கும். கோயமுத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர். நாசிக் சுமார் 600 மீட்டர், அதோடு 20 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஜனவரி விடியற்காலையில் அங்கே 10 டிகிரியைத் தொடும். நந்தி அடிவாரம் 900 மீட்டரை ஒட்டியது. நமக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை வேறு. பூவெடுக்கும் நேரத்தில் ஈரம் பட்டால் அடிச்சாம்பல் நோய் அள்ளிக்கொண்டு போகும்.

அந்த நோய்க்கு நாம் அடிக்கும் போர்டோ கலவை பிறந்ததே ஒயின் நாட்டில்தான். பிரான்சின் போர்டோ பகுதியில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் வரவில்லை என்பதை மில்லார்தே என்ற தாவரவியலாளர் கவனித்து 1885-இல் வெளியிட்டார். ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். இன்று நாம் இந்த ஒரு சதவீதக் கணக்கில் கலக்கிறோம். இதனால் ஒரு எச்சரிக்கையும் உண்டு: தோட்டத்தில் கொடியிலிருந்து பழத்தைப் பறித்து வாயில் போடாதீர்கள். கடைசி மருந்து எப்போது அடித்தார்கள் என்று கேட்டு, அவர்களே கொடுத்தால் மட்டும் சாப்பிடுங்கள்.

மூன்று வழிகள்

பக்கத்தில் இருப்பது சன்னபட்டணா. பெங்களூர் - மைசூர் சாலையில், பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். முன்பு ஹெரிடேஜ் ஒயினரி என்ற பெயரில் இருந்ததைச் சூலா நிறுவனம் வாங்கி டொமைன் சூலா என்று நடத்துகிறது. கோயமுத்தூர், திருப்பூர், கோபிக்காரர்கள் சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், சாம்ராஜ்நகர், கொள்ளேகால், மளவள்ளி வழியாகப் போய் மத்தூரில் மைசூர் சாலையைப் பிடிக்கலாம். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். வன விலங்குகளுக்காக இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை கார்களுக்கும் அந்தச் சாலை மூடப்படும். அதனால் காலை ஆறுக்குப் பண்ணாரி வாசலில் நிற்கிற மாதிரி கிளம்புங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பத் திட்டமிடாதீர்கள். சாயங்காலம் ஆலையில் நேரம் இழுத்துவிட்டால் சோதனைச் சாவடியில்தான் விடிய வேண்டியிருக்கும். மைசூரில் ஒரு இரவு தங்குங்கள். புதிய விரைவுச் சாலை சன்னபட்டணா ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போகிறது. வெளியேறும் இடத்தைத் தவறவிட்டால் ராமநகரம் வரை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது நந்தி அடிவாரம். தொட்டபள்ளாபுரம் - தேவனஹள்ளி சாலையில் குரோவர் சம்பா ஆலை. கன்வல் குரோவர் பிரெஞ்சு நிபுணர்களின் துணையோடு 1988-இல் தொடங்கிய தோட்டம் அது. இந்தியாவில் பிரெஞ்சு ஒயின் ரகங்களைக் கருத்தோடு நட்டவர்களில் அவர் முன்னோடி. கோயமுத்தூரிலிருந்து வந்தே பாரத் ரயில் திருப்பூர், ஈரோடு, சேலம், தர்மபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் கண்டோன்மென்ட் போகிறது. அங்கிருந்து தோட்டம் 40 கிலோமீட்டரை ஒட்டி. வந்து இறங்கிய அன்றே ஓட வேண்டாம். இரவு பெங்களூரின் வடக்குப் பகுதியில், எலகங்கா பக்கம் தங்கி, மறுநாள் காலை முதல் சுற்றுக்குப் போவதுதான் சரி. சனி, ஞாயிறு விடியற்காலை நந்தி மலைக்குப் போகும் கார்கள் அந்தப் பக்கச் சாலையெல்லாம் அடைத்து நிற்கும்.

மூன்றாவது நாசிக். ஒயினை ஒரு ஊரின் தொழிலாகப் பார்க்க வேண்டுமென்றால் நாசிக்தான். ராஜீவ் சமந்த் 1990-களின் இறுதியில் தொடங்கிய சூலாவைச் சுற்றித்தான் அந்த வட்டாரம் வளர்ந்தது. நாசிக் பள்ளத்தாக்கு ஒயினுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. விமானத்தில் என்றால் கோயமுத்தூர் - மும்பை, அங்கிருந்து சாலையில் மூன்று, நான்கு மணி நேரம் ஆகலாம். ரயிலில் என்றால் கோயமுத்தூர் - லோக்மான்ய திலக் எக்ஸ்பிரஸில் கல்யாண் வரை போய், அங்கே வண்டி மாறி, கசாரா மலைப்பாதை ஏறி நாசிக் ரோடு நிலையம். மும்பையிலுள்ள லோக்மான்ய திலக் முனையம் வரை போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல்.

நாசிக்கில் குறைந்தது இரண்டு முழு நாள் வையுங்கள். முதல் நாள் கங்காபூர் அணைப் பக்கம்: சூலா, யார்க், சோமா மூன்றும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. அதில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். சூலா பெரியது, எல்லாம் ஒழுங்காக ஓடும், கூட்டம் அதிகம். யார்க் ஒரு குடும்பத்தார் தொடங்கிய சின்ன ஆலை, இப்போது சூலாவுக்குச் சொந்தம். கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும். இரண்டாம் நாள் இகத்புரி பக்கம் சஞ்சேகான்: வல்லோன், குரோவர் சம்பாவின் நாசிக் ஆலை. டாக்ஸியை '8 மணி நேரம், 80 கிலோமீட்டர்' கணக்கில் பேசினால் இரண்டாம் நாள் கிலோமீட்டர் தாண்டிவிடலாம். முன்கூட்டியே கூடுதல் கட்டணத்தைப் பேசி முடியுங்கள். திரியம்பகேஸ்வரர் கோயில் நாசிக்கிலிருந்து 28 கிலோமீட்டர்தான். வீட்டுப் பெரியவர்கள் கூட வந்தால் அவர்களுக்கு ஒரு காலைப் பொழுதை அதற்கென்றே ஒதுக்குங்கள். ஒயின் குடித்த வாயோடு கோயிலுக்குப் போகிற மாதிரித் திட்டம் போட்டால் வீட்டில் சண்டை வரும். 2027 நாசிக் கும்பமேளா ஆண்டு. நீராடும் நாட்களை ஒட்டி அறை கிடைப்பது குதிரைக் கொம்பு.

பதிவு செய்யும்போது

வாசலில் போய் நின்றால் விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். ஒரு வாரம் முன்பே பதிவு செய்யுங்கள், செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாளுக்கு. சனி, ஞாயிறு மும்பை, பெங்களூர்க் கூட்டம் வந்து இறங்கும், வழிகாட்டி மைக்கில் பேசிவிட்டுப் போய்விடுவார். பதிவு செய்துவிட்டு ஒரு முறை போனில் பேசுங்கள். மூன்று கேள்விகள் போதும்: தோட்டத்துக்குள் நடத்திக் கூட்டிப் போவீர்களா, ஆலைக்குள் மட்டுமா? அன்றைக்கு அரவை இருக்குமா? குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சுற்றிப் பார்க்க மட்டும் சீட்டு உண்டா? 'தோட்டம் இல்லை' என்று பதில் வந்தால் வேறு ஆலையைப் பாருங்கள்.

காலை முதல் சுற்றைக் கேட்டு வாங்குங்கள். பழத்தை விடியற்காலையில், சூடு ஏறும் முன் வெட்டுவார்கள். ஒன்பது, பத்து மணிக்குள் பெட்டிகள் ஆலைக்கு வந்துவிடும். கழிவு பொறுக்கும் மேசை, காம்பு பிரிக்கும் எந்திரம், சாறு பிழியும் எந்திரம், எல்லாம் ஓடுவதை அப்போதுதான் பார்க்க முடியும். மதியம் மூன்று மணிக்குப் போனால் தரையைக் கழுவி விட்டிருப்பார்கள்.

வயது ஒரு விஷயம். கர்நாடகத்தில் 21. மகாராஷ்டிரத்தில் பீருக்கும் ஒயினுக்கும் 21, மற்ற மதுவுக்கு 25. ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ கையில் இருக்க வேண்டும். ஜனவரி 26, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் போன்ற மதுவிலக்கு நாட்களில் சுவைக்கத் தரமாட்டார்கள். பிப்ரவரி, மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தல் ஏதும் உண்டா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆலைக்குள் எதைக் கேட்பது

கரும்பாலை பார்த்தவர்களுக்கு ஒயின் ஆலை பாதி புரிந்த மாதிரிதான். சர்க்கரை அளவைப் பிரிக்ஸ் மீட்டரில்தான் அங்கேயும் பார்க்கிறார்கள். வெட்டும்போது பிரிக்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். 22 என்றால் அதை 0.55-ஆல் பெருக்கினால் 12. ஏறக்குறைய அவ்வளவு சதவீதம் ஆல்கஹால் வரும். பாட்டிலில் போட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெள்ளை ஒயினுக்குப் பழத்தை உடனே பிழிந்து, தோலை நீக்கி, சாற்றை மட்டும் எஃகுத் தொட்டியில் 12 முதல் 16 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் நொதிக்க விடுகிறார்கள். குளிர் தப்பினால் மணம் ஆவியாகிப் போய்விடும். தொட்டியைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் உறை இருப்பதைக் கவனியுங்கள். சிவப்புக்குத் தோலோடு, 25 டிகிரிக்கு மேல், ஒரு வாரம் பத்து நாள். அப்போது தோல் சக்கை மேலே மிதந்து கெட்டியாகப் படியும். அதை நாளைக்கு இரண்டு மூன்று முறை உள்ளே அமுக்க வேண்டும் அல்லது கீழிருந்து சாறை ஏற்றி நனைக்க வேண்டும். காய விட்டால் வினிகர் வாடை பிடிக்கும். பிறகு ஓக் பீப்பாய், பெரும்பாலும் 225 லிட்டர். பீப்பாய் புதிதா, எத்தனையாவது முறை பயன்படுகிறது என்று கேளுங்கள். புதுப் பீப்பாயில் வெனிலா, சுட்ட தேங்காய் வாசனை ஏறும். மூன்று நான்கு முறைக்குப் பின் பீப்பாய் வாசனை தராது, காற்றை மட்டும் மெல்ல விடும்.

நொதித்தல் நடக்கும் அறையில் கரியமில வாயு தரையோடு தேங்கும். தொட்டியின் வாய்க்குள் தலையை நீட்டி மோந்து பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். கிணற்றில் இறங்குகிறவர்கள் விளக்கு இறக்கிப் பார்ப்பதன் காரணம்தான் இங்கேயும்.

சுவைக்கும் மேசையில்

காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஆனால் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் காப்பி, வெற்றிலை பாக்கு, புதினா மிட்டாய் வேண்டாம். சென்ட் போடாதீர்கள். தலையில் மல்லிகைப்பூவும் அன்றைக்கு வேண்டாம். ஒரு முழம் மல்லி மேசையில் இருக்கும் எல்லாருடைய மூக்கையும் மறைத்துவிடும்.

வரிசை: நுரை ஒயின், வெள்ளை, ரோஸே (இளஞ்சிவப்பு), சிவப்பு, கடைசியில் இனிப்பு. மாற்றிக் குடித்தால் அடுத்தது தண்ணீராகத் தெரியும். கிளாஸைக் காம்பில் பிடியுங்கள், உள்ளங்கைச் சூடு ஏறக் கூடாது. வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்து நிறம் பாருங்கள். சுழற்றாமல் ஒரு முறை மோந்து, சுழற்றி ஒரு முறை மோந்து பாருங்கள். பிறகு சின்ன மடக்கு, வாய் முழுக்க உருட்டி, இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: புளிப்பும் துவர்ப்பும். மாங்காய் கடித்த மாதிரிக் கன்னத்தின் ஓரத்தில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. வாழைக்காயோ நாவல்பழமோ தின்ற மாதிரி ஈறு இழுத்துப் பிடித்தால் துவர்ப்பு. அறுசுவையில் துவர்ப்பைத் தனிச் சுவையாக எண்ணி வளர்ந்த நாக்கு நமக்கு. சிவப்பு ஒயினின் தரத்தைப் பேசுகிறவர்கள் பாதி நேரம் அதைத்தான் பேசுகிறார்கள்.

வாசனைக்கும் நம் ஊர்ப் பெயரையே சொல்லுங்கள், பயப்பட வேண்டாம். வெள்ளை ரகங்களில் சோவின்யோன் பிளாங்க் பச்சைக் குடைமிளகாய், வெட்டிய புல், கொய்யா. செனின் பிளாங்க் பழுத்த கொய்யா, தேன். சிவப்பு ரகமான ஷிராஸில் நாவல்பழத்தோடு மிளகு வரும். கற்பனை இல்லை, மிளகின் மணத்துக்குக் காரணமான ரொட்டண்டோன் என்ற பொருளே ஷிராஸின் தோலிலும் இருக்கிறது. இன்னொரு சிவப்பு ரகமான காபர்னே சோவின்யோனில் குடைமிளகாய் வாடை தூக்கலாக இருந்தால் பழம் முற்றும் முன் வெட்டியிருக்கிறார்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க் கெட்டது. வினிகர் வாடை என்றால் காற்று புகுந்தது. தயங்காமல் வேறு பாட்டில் திறக்கச் சொல்லுங்கள். அது அவர்களுக்கும் வேண்டிய தகவல்.

துப்புவதற்கு மேசையில் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். நம் திண்ணைப் படிக்கம்தான் அது. துப்புவதை அவமரியாதையாக நினைத்து நம்மவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். கணக்குப் பாருங்கள்: ஆறு ஒயின், ஒவ்வொன்றும் 30 மில்லி, மொத்தம் 180 மில்லி. 13 சதவீத ஒயினில் அது 18 கிராம் ஆல்கஹால். ஒரு நாளில் இரண்டு ஆலை என்றால் 36 கிராம், அதாவது ஒரு பெரிய பாட்டில் ஸ்ட்ராங் பீருக்குக் கிட்ட. உடம்பு மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் சட்டப்படி வண்டி ஓட்டக் கூடாது. முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. 'மாப்பிள்ளை கொஞ்சமாத்தான் குடிச்சாருங்க, அவரே ஓட்டட்டும்' என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். ஓட்டுநர் வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கும் வயிறாரச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். மூன்றாவது ஆலைக்குப் போகாதீர்கள். அதற்குள் நாக்கு மரத்திருக்கும், காசு வீண்.

பாட்டில் வாங்கலாமா

அங்கேயே, தங்கும் இடத்தில் குடிக்க வாங்குங்கள். அனுமதி இல்லாமல் வெளிமாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டு வருவது குற்றம். பண்ணாரியிலும் ஓசூர் எல்லையிலும் டிக்கியைத் திறந்து பார்க்கிறார்கள், வண்டியையும் பறிமுதல் செய்ய முடியும். ஒரே ஒரு பாட்டில்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது. பிடித்த ஒயினின் பெயரையும் ரகத்தையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு வந்து, ஊரில் டாஸ்மாக் எலைட் கடையில் கேட்டுப் பாருங்கள். கடையில் வாங்கும்போது ஆண்டைக் கட்டாயம் பாருங்கள். இந்திய வெள்ளை ஒயின் பெரும்பாலானவை இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடிக்க வேண்டியவை, வைத்தால் சுவை ஏறாது. கார்க் மேலே தள்ளி நின்றாலோ, கழுத்தில் கசிந்த தடம் இருந்தாலோ அந்தப் பாட்டில் வெயிலில் வெந்தது, வேண்டாம்.

வீட்டில் திறக்கும்போது நம் ஊர்ச் சூட்டை மறக்கக் கூடாது. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது 16, 18 டிகிரி அறைகளுக்குச் சொன்னது. ஏப்ரல் மாத ஈரோட்டு அறைக்கு அது பொருந்தாது. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். வெள்ளைக்கு இரண்டு மூன்று மணி நேரம். பள்ளிபாளையம் சிக்கனோடு காபர்னேயோ ஷிராஸோ வைக்காதீர்கள். வரமிளகாய்க் காரத்தில் துவர்ப்பு கசப்பாகும், ஆல்கஹால் தொண்டையை எரிக்கும். குளிர்ந்த, லேசாக இனிப்புள்ள செனின் பிளாங்க் அந்தக் காரத்தைத் தாங்கும். மிளகு வறுத்து அரைத்த ஆட்டுக்கறி வறுவலுக்கு ஷிராஸ் ஒட்டும். ஒப்புட்டுக்கு இனிப்பு ஒயின் என்றால் ஒயின் ஒப்புட்டைவிட இனிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வாய் ஒப்புட்டுக்குப் பிறகு ஒயின் வெறும் புளிப்பாக நாக்கில் நிற்கும்.